மாசிலாமணியின் பஸ்ஸும் கற்பகம் அடுக்ககத்தின் லிஃப்டும்

லிஃப்ட் இருந்தும் இல்லாத ஒரு கட்டடத்தில், நாவல் இருந்தும் எழுதாத ஒருத்தி இருந்தாள். கட்டடம் புழுதிவாக்கத்தில், ஏரிக்கரைக்குப் போகிற வழியில், பேரு கற்பகம் அடுக்ககம், ஐந்து மாடி. அவள் மூன்றாவது மாடி, பேரு செண்பகவல்லி, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவு சொல்கிற வேலை. பகல் முழுக்க வருகிறவர்கள் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணாடியைச் செருகி "இது தெளிவா இருக்கா?" என்றும், அதை உருவி இன்னொன்றைச் செருகி "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்றும் கேட்டுக் கேட்டு, ஊரில் பாதிப் பேருக்கு எதிரே நிற்பது இன்னதென்று காட்டிக்கொடுத்தவளுக்கு, தன் நாவலின் இரண்டாவது வாக்கியம் மட்டும் வருஷக்கணக்காகக் கண்ணில் படவில்லை.

எழுத வேண்டியது எல்லாம் அவளிடம் இருந்தது. தேக்கு மேசை இருந்தது, கழுத்தை வளைத்துப் பார்க்கிற விளக்கு இருந்தது, வைத்தால் மனசு அடங்கும் என்று யாரோ சொல்லி வாங்கிய மூங்கில் செடி இருந்தது. தினமும் எழுதுவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லித்தருகிற வீடியோக்கள் போனில் இருந்தன. அவற்றை எழுத உட்காரவேண்டிய நேரத்தில்தான் அவள் பார்த்தாள். காலை அலாரங்களுக்குப் பெயர் சூட்டியிருந்தாள். முதலாவது "எழுது", அடுத்தது "எழுதலையா", கடைசி "வெக்கமா இல்லையா". மூன்றையும் தூக்கத்திலேயே அணைக்கக் கை பழகிவிட்டது. ஒருநாளும் தவறாமல் அவள் கடைப்பிடித்த பழக்கம் அது ஒன்றுதான்.

கணவன் தாமோதரன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன். யார் எந்தச் சுவரில் கொண்டுபோய் இடித்தாலும் குரல் உயர்த்தாதவன். "எழுதலாம் செண்பகம், எழுதலாம். ஃபர்ஸ்ட் கியர்ல அறுபதுல போகணும்னு பாக்கறே, அதான் வண்டி நின்னு நின்னு போகுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவான்.

எல்லாருக்கும் படிதான். பெருமழை வருஷத்தில் இடி விழுந்து லிஃப்ட் நின்றது. சரிபண்ணித் தருகிறேன் என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன், மோட்டாரோடு போனவன்தான். மொட்டைமாடியில் மோட்டார் இருந்த அறைக்குப் புறாக்கள் குடிவந்தன. கீழே நின்றுபோன பெட்டிக்குள் வாட்ச்மேன் எத்திராஜ் கட்டில் போட்டுக்கொண்டார். ஐந்து மாடியையும் ஏறி இறங்கி எல்லாரும் பழகிக்கொண்டார்கள், பவளக்கொடி அம்மாளைத் தவிர. அவள் ஐந்தாவது மாடி. கனத்த உடம்பு, தேய்ந்த மூட்டு. இடி விழுந்த அன்றைக்கு மேலே இருந்தவள், மேலேயே இருந்துவிட்டாள். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் கீரை வாங்குவாள். கீரை வந்துவிடும். ஆனால் ஐந்து மாடி உயரத்திலிருந்து பேரம் பேசினால் அதில் ருசி உண்டா? கீரைக்காரியின் முகத்தைப் பார்த்து, கட்டை ஆட்டிக் காட்டி, "இது கட்டா, இல்ல மூக்குப்பொடியா?" என்று கேட்கிற சுகம் போய்விட்டதே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை. மகன் வெளிநாட்டிலிருந்து போனில் கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாள். அவன் வேறு ஏதாவது நோய் இருக்கிறதா என்று கேட்பான்.

இப்படி இருக்கையில், ஆவணி மாதத்தில் ஒரு காலை, "வெக்கமா இல்லையா" அடிக்கும்போது செண்பகவல்லி போனை எடுக்கப் போய், அது கைநழுவி இட்லி மாவுப் பாத்திரத்தில் விழுந்து முழுகியது. எடுத்துத் துடைத்து அரிசியில் புதைத்து வைத்தாள். பார்க்கப் போன் இல்லை, தூக்கமும் போய்விட்டது, தாமோதரன் கொடுத்துவிட்டுப் போன டீ மட்டும் மேசைமேல் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அதன்மேல் ஆடை படிந்தது, நடுவில் சுருங்கியது, ஓரத்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் டீ குடித்தும் அது பிடித்துக்கொள்வதை அவள் பார்த்ததில்லை. பேனாவை எடுத்து, நாவலின் இரண்டாவது வாக்கியத்தை எழுதினாள்: 'மாசிலாமணி டீயின்மேல் படிந்த ஆடையை விரலால் எடுத்தான், எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது, சண்டை போட்டுப் பிரிந்த அக்காவின் ஞாபகம் வந்தது.'

அதே நேரத்தில் கீழே எத்திராஜ் கட்டிலோடு மேலே போனார்.

கண் விழித்தபோது கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பவளக்கொடி அம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்டைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், எத்திராஜைப் பார்த்தாள். "கட்டிலை ஓரமாத் தள்ளு" என்றாள். கோலமாவுக் கிண்ணத்தை நிலைப்படியில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஏறினாள். கீழே கீரைக்காரி தெய்வானை கூடையை இறக்கி வைத்திருந்தாள். பவளக்கொடி அம்மாள் நேரே போய் ஒரு முளைக்கீரைக் கட்டைத் தூக்கி ஆட்டினாள்.

"இதையா இத்தனை வருஷமா கட்டுன்னு மேல ஏத்தி அனுப்புன?"

"ஆமா, மேல இருந்து பாத்தா எல்லாம் சின்னதாத்தான் தெரியும்" என்றாள் தெய்வானை. சண்டை முடிய வெகு நேரமானது. இருவரும் அப்படி மலர்ந்து நின்றதைப் பார்த்து, ஏதோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

லிஃப்ட் எதனால் ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர் தரைத்தளத்துத் தணிகாசலம். அடுக்ககத்துச் சங்கச் செயலாளர். எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த மளிகைக்கடைத் தராசும் அவரைக் கண்டால் முள்ளை நேராக்கிக்கொள்ளும் என்பார்கள். அவர் வீட்டுக்கு வீடு போய், லிஃப்ட் நகர்கிறபோது யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். இரண்டாவது மாடியில் தலை வாரினார்கள், நான்காவது மாடியில் பல் தேய்த்தார்கள். மூன்றாவது மாடியில் செண்பகவல்லி எழுதிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்றார். பேனா நின்றது. லிஃப்டும் நின்றது.

"எழுதுங்கம்மா." நகர்ந்தது.

"சரியான எடை" என்று சொல்லி, அன்றைக்கே கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் ஒருவர்கூட 'ஏன்' என்று கேட்கவில்லை. 'எத்தனை மணியிலிருந்து' என்றுதான் கேட்டார்கள். ஆறிலிருந்து ஏழரை என்றார் ஒருவர். பள்ளிக்கூட வேன் வருகிற வரைக்கும் நீட்டினால் நல்லது என்றார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா, சாயங்காலம் ஒரு ஷிஃப்ட் போட முடியுமா, கேஸ் சிலிண்டர் வருகிற அன்றைக்கு அவசரமாக ஒரு பக்கம் எழுத முடியுமா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைக் கேட்காமலே மண்டபம்வரை பேசி முடிப்பதுபோல எல்லாம் பேசி முடிந்தது. செண்பகவல்லி நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்து மிக்சர் தின்றாள். கடைசியில் முறைக்காக ஒரு மெக்கானிக்கையும் வரவழைத்தார்கள். அவர் மொட்டைமாடி அறையைத் திறந்து பார்த்துவிட்டு, பூப்போல மூடி, "வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு. புறாங்களை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிப் போனார்.

அதிலிருந்து செண்பகவல்லிக்குச் சோம்பேறித்தனம் பண்ண வழியில்லாமல் போயிற்று. ஆறு மணிக்கு அவள் எழுந்தாளா என்று கட்டடமே காதை வைத்துக் கேட்டது. மிக்ஸி ஓடவில்லை, குக்கர் விசில் போடவில்லை, தெய்வானைகூட "கீரே" என்று ரகசியம் பேசுவதுபோலக் கூவினாள். போனை எத்திராஜ் வந்து வாங்கிப்போய்க் காவல் காத்தார். வெண்டைக்காய் மூளைக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு வெண்டைக்காய் வந்தது, பொரியலாக வந்தது, மோர்க்குழம்பாக வந்தது, தாமோதரன் கடைசியில் "எனக்கு எழுத ஒண்ணும் இல்லையே, எனக்காவது வேற ஏதாச்சும் போடக்கூடாதா?" என்று கெஞ்சினான்.

லிஃப்ட் வெறுமனே ஓடினாலாவது பரவாயில்லை. அவள் மனசில் ஓடுவதை அப்படியே அம்பலத்தில் வைத்தது. கை எழுத, மனசு கடைத்தெருவுக்குப் போனால், பெட்டி இரண்டு மாடிக்கு நடுவே தூங்கி வழிந்தது. புத்தகம் வந்தால் யார் யார் பாராட்டுவார்கள் என்று நினைத்தால், கீழே போகப் பொத்தானை அமுக்கியவர்களையும் ஏற்றிக்கொண்டு நேரே மொட்டைமாடிக்குப் போய் நின்றது. நாத்தனார் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தால் தடதடவென்று ஆடியது. நாலு அலங்காரச் சொல்லைச் சேர்த்து எழுதினால் உள்ளே விளக்கு கல்யாண வீடுபோல எரிந்தது, பெட்டி மட்டும் அசையவில்லை. ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் சீக்கிரமே விமர்சகர்கள் ஆனார்கள்.

"என்ன செண்பகம், நாலாவது மாடிகிட்ட ஒரு குலுக்கல் குலுக்குச்சு? உவமை போட்டியா?"

"நிலாவைப் பத்தி ஒரு வரி எழுதினேன்."

"நிலாவை விடும்மா. எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. பிறகு கடையில் செய்கிறதையே மேசையிலும் செய்யத் தொடங்கினாள். எழுத உட்கார்ந்ததும் மூச்சை ஒருதரம் இழுத்து விடுவாள். மாசிலாமணியின் கையைப் பார்ப்பாள். மங்கலாகத் தெரியும். 'இது தெளிவா இருக்கா?' இல்லை. வேறு கண்ணாடி. 'இது?' மனசு கடைத்தெருவுக்குப் போகும். போனதைத் திட்டாமல், மேசைக்குத் திரும்பக் கூட்டிவருவாள். மறுபடி போகும், மறுபடி கூட்டிவருவாள். பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிற கை, அதில் மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையம், அந்த வளையத்தை மறைக்கிற கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாகத் துலங்கத் துலங்க, அடியில் எங்கோ இரும்புக்கயிறு எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடும். பவளக்கொடி அம்மாள் கீழே இறங்கிப் போய்ச் சண்டை போடுவாள். இப்படியே ஆவணி போய், ஐப்பசி போய், மார்கழியும் வந்தது. கண்ணாடிக் கடையில் வந்தவர்களிடம்கூட அவள் நிதானமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். அலாரம் வைப்பதையே மறந்துவிட்டாள்.

கதை என்ன என்பது கட்டடத்துக்கே தெரியும். தாமோதரனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மாசிலாமணி சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன், பிரிந்துபோன அக்காவைப் பார்க்கப் பஸ் ஏறியிருக்கிறான், அக்காவுக்கும் தகவல் போயிருக்கிறது என்று படிக்கட்டில் நின்று அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வான். பொங்கல் கழிந்த ஒரு காலை, "இன்னும் ரெண்டு ஸ்டாப்தான். அக்கா வீடு வந்துடும். கதை முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டான்.

கட்டடம் கலகலத்துப்போனது. கதை முடிந்தால் லிஃப்டும் முடிந்தது என்று எல்லாருக்கும் தோன்றியது. தணிகாசலம் தலைமையில் பத்துப் பதினைந்து பேர் செண்பகவல்லி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"உங்க கதையில நாங்க தலையிடலை" என்று தொடங்கினார் தணிகாசலம். "பஸ்தானே? ஒரு பஞ்சர் ஆகக்கூடாதா? நடக்காததா?"

"டீசல் தீந்து போகலாம்."

"அவருக்குக் கூடப் பொறந்த தம்பி ஒருத்தர் இருந்தா நல்லா இருக்குமே. தம்பிக்கு ஒரு கல்யாணம் வச்சா ஆறு மாசம் ஓடும்."

செண்பகவல்லி முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது ஜன்னல் வழியே கீழேயிருந்து, "இது வெந்தயக்கீரையா, வெந்தயத்தைக் காட்டுன கீரையா?" என்று பவளக்கொடி அம்மாளின் குரல் கேட்டது. நாவல் முடிந்தால் அந்தக் குரல் மறுபடி ஐந்தாவது மாடிக்குப் போய்க் கூடை இறக்கவேண்டும். செண்பகவல்லி வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மாசிலாமணியின் பஸ் பஞ்சரானது. அடுத்த நாள் டீசல் தீர்ந்தது. அதற்கடுத்து சாலை மறியல், அதற்கடுத்து கண்டக்டருக்கு வயிற்றுப்போக்கு. எழுதும்போது அவள் எதையும் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. கை மட்டும் போனது. லிஃப்ட் நாளுக்கு நாள் தளர்ந்தது. கீழே ஏறுகிறவர் மேலே வந்து சேர்வதற்குள் பேப்பரில் வரி விளம்பரம்வரை படித்து முடித்தார். பஸ்ஸை ஆற்றங்கரையில் நிறுத்தி டிரைவருக்குத் தூக்கம் வரவழைத்த காலை, பெட்டி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றேபோனது. உள்ளே தணிகாசலம். தரைத்தளத்தில் கொசுவும் சாக்கடை வாசனையும் தாங்காமல், மொட்டைமாடிக் காற்றுக்காகத் தினமும் மேலே போகிறவர்.

கூச்சல் கேட்டுச் செண்பகவல்லி பேனாவோடு ஓடிப்போனாள். ஐந்தாவது மாடிக் கம்பிக் கதவுக்கு அடியில் தணிகாசலத்தின் வழுக்கைத்தலை மட்டும் தரைமட்டத்துக்குத் தெரிந்தது. பவளக்கொடி அம்மாள் முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள காத்து வருதா சார்?"

"விளையாடாதீங்கம்மா. செண்பகத்தைக் கூப்பிடுங்க."

"வந்து நிக்கிறா. நீங்கதானே பஸ்ஸைப் பஞ்சராக்கச் சொன்னது?"

"நான் பஞ்சர் மட்டும்தாங்க சொன்னேன். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல."

பவளக்கொடி அம்மாள் செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, எனக்காகவா இழுக்கிற?"

செண்பகவல்லி பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நான் என்ன உன் மாமியாரா, போகவும் மாட்டேன் இருக்கவும் மாட்டேன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்க? அந்தப் பொம்பளை அங்க குழம்பைச் சுடவச்சு சுடவச்சு உக்காந்திருக்கா. இவ என்னடான்னா டிரைவரைத் தூங்க வச்சுட்டு நிக்கிறா. கதவுக்கு உள்பக்கம் உக்காந்து பாதையைப் பாத்துக்கிட்டே இருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். போய் அவனைக் கொண்டுபோய்ச் சேத்துடு."

"சேத்தா லிஃப்ட் நின்னுடும்மா. நீங்க மறுபடியும் மேலயே..."

"நிக்கிறப்ப எந்த மாடியில நிக்கணும்கிறது என் பாடு" என்று சொல்லி, பவளக்கொடி அம்மாள் குனிந்து வழுக்கைத்தலையைப் பார்த்தாள். முளைக்கீரைக் கட்டைப் பார்க்கிற அதே பார்வை. "சார், உங்க வீடு எத்தனை சதுரம்?"

"எதுக்கு?"

"என் வீட்டுல சன்னலைத் திறந்தா ஏரிக்காத்து. கொசு மேல ஏறி வர்றதுக்குள்ள களைச்சுப்போயிடும். உங்க வீட்டுல என்ன இருக்கு? சாக்கடைதானே? மாத்திக்கலாம்."

"அதெப்படிம்மா, நான் தினமும் அஞ்சு மாடி..."

"உங்க முட்டி நல்ல முட்டி. கூட்டத்துக்குக் கூட்டம் நீங்களே சொல்றீங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. நான் எங்கயும் போகலை, நீங்களும் போகலை" என்று சொல்லி, வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினாள். இரண்டாவது வெற்றிலைக்கு அவர் சம்மதித்துவிட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சாட்சி.

செண்பகவல்லி இறங்கி ஓடி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பஞ்சர், டீசல், மறியல், வயிற்றுப்போக்கு, தூக்கம் அத்தனையையும் அடித்தாள். மூச்சை இழுத்து விட்டாள். 'பஸ் நின்றது. மாசிலாமணி இறங்கினான்' என்று எழுதினாள். மேலே ஒரு குலுக்கல். தணிகாசலம் வெளியே வந்த வேகத்தில் நேரே பவளக்கொடி அம்மாளின் பால்கனிக்குப் போய்க் காற்றைப் பரிசோதித்தார். "எடை சரியா இருக்கு" என்றார், முனகலாக.

தை முடிவதற்குள் வீடு மாற்றினார்கள். மாசிலாமணி அக்காவின் தெருவுக்குள் நுழையும்போது தணிகாசலத்தின் பீரோ மேலே போனது. அவன் வழியில் நின்று, வாங்கிய பழத்தை மோந்து பார்க்கும்போது பவளக்கொடி அம்மாளின் கட்டில் கீழே வந்தது. செண்பகவல்லிக்குப் பீரோவும் தெரியாது, கட்டிலும் தெரியாது. அவள் அந்தப் பழத்தின் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நடையில் பவளக்கொடி அம்மாள் முருகன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். தாளில் மாசிலாமணி கதவைத் தட்டினான். கதவு திறக்க நேரமானது. அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். என்ன சொல்வாள் என்று செண்பகவல்லிக்கும் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பெட்டியும் இரண்டாவது மாடியருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு கேட்டது, கேட்டதை எழுதினாள்: '"செருப்பை வெளிய விட்டுட்டு வா" என்றாள் அக்கா.'

லிஃப்ட் பூனை குதிப்பதுபோலச் சத்தமில்லாமல் தரையில் இறங்கியது. விளக்கு அணைந்தது. பவளக்கொடி அம்மாள் வெளியே வந்து, வலதுகாலை வைத்துப் புதுவீட்டுக்குள் போனாள். யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் லிஃப்டையே பார்த்துவிட்டு, படியேறிப் போனார்கள்.

மறுநாள் காலையில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. எத்திராஜ் போனை வாங்க வரவில்லை. தாமோதரன், "தூங்கு செண்பகம், இன்னிக்கு டிரிப் கிடையாது" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுப் போனான். அவளும் தூங்கத்தான் நினைத்தாள். ஆனால் ஆறு மணிக்கு உடம்பு தானே எழுந்துபோய் மேசைமுன் உட்கார்ந்தது. எழுத எதுவும் இல்லை. யாருக்கும் எழுத வேண்டியதும் இல்லை. வெறும் தாள். பயமாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். மூச்சை ஒருதரம் இழுத்து விட்டாள். பயத்தின் மேல் ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், மங்கல். எடுத்துவிட்டு, காதைத் திறந்தாள். கீழே தெய்வானை கூடையை இறக்குகிற சத்தம் கேட்டது. ஈரக்கீரையின் சத்தம், சாக்கு விரிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் முக்காலி இழுபடுகிற சத்தம். 'கீரைக்காரிக்கு அன்றைக்கு முதல் கட்டை எடுக்கவே கை கூசியது' என்று எழுதினாள். யார் அந்தக் கீரைக்காரி, ஏன் கூசியது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் குனிந்து அடுத்த வரியைத் தொடங்கினாள். லிஃப்டைப் பற்றி அவளுக்கு ஞாபகமே இல்லை.

கீழே லிஃப்டின் கம்பிக் கதவு திறந்து தணிகாசலம் வெளியே வந்தார். கையில் பை, முகத்தில் சாமி வந்த களை.

"அம்மா, ஓடுது. அப்ப வீட்டைத் திருப்பி..."

"மேல காத்து எப்படி?" என்றாள் பவளக்கொடி அம்மாள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"காத்து பிரமாதம். ஆனா..."

"அப்ப என்ன ஆனா? பேசினது பேசினதுதான்."

மூன்றாவது மாடியில் செண்பகவல்லிக்கு ஒரு சொல் வரவில்லை. மூடிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவு பாதியில் நின்றது. தணிகாசலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பவளக்கொடி அம்மாள் உதட்டின்மேல் விரலை வைத்து மேலே கண்ணைக் காட்டினாள். தெய்வானை கையிலிருந்த கட்டைச் சத்தமில்லாமல் சாக்கின்மேல் வைத்தாள். மூவரும் அப்படியே நின்றார்கள், அந்தச் சொல் வரட்டும் என்று.